பத்தாவது ஆளாக வந்த கல்

அன்றைக்கு அந்த நீச்சல் குளத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நான், லோகேஸ்வரி. என் அக்கா புருஷன் சுந்தரம் அத்தான், எங்களைச் சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தவர். எங்கள் கல்லூரிப் பெண்கள் ஏழு பேர், தலைவி தீரியையும் சேர்த்து. நடுவர்கள் மூன்று பேர். வாசலில் பெயர் பதிகிறவர் ஒருவர். குளத்துக் காவல்காரர் ஒருவர். எங்கள் கல்லூரி முதல்வர் வேவு பார்க்க அனுப்பிய கணக்கர், கையில் குடையோடு. மற்றக் கல்லூரிப் பெண்களும் அவர்களுடைய அம்மாக்களுமாக முப்பத்தொரு பேர் (இரண்டு முறை எண்ணினேன்). நிலார் என்ற பெண் பாதியில் வந்து சேர்ந்தாள். கடைசியாக ஒரு கல்.

கல்லை ஏன் ஆள் கணக்கில் சேர்க்கிறாள் என்று நினைப்பீர்கள். அதைச் சொல்லத்தான் இத்தனையும்.

இப்போது என்னைப் பேட்டி எடுக்க வருகிற பிள்ளைகள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஏழாவதோட படிப்பை நிறுத்தின நீங்க, கல்லூரிப் பெண்களுக்கு நீர் நடனம் சொல்லிக்கொடுத்து இத்தனை பதக்கம் எப்படி வாங்கினீங்க?" நான் சிரித்து மழுப்பிவிடுவேன். உண்மையைச் சொன்னால் அடுத்த நாளே வேலை போய்விடும் என்ற பயம். (எனக்கு எல்லாவற்றுக்கும் பயம்தான். பேட்டி எடுக்கிற பிள்ளை வீடு போய்ச் சேர்ந்தாளா என்றுகூட இரண்டு முறை போன் போட்டுக் கேட்பேன்.)

படிப்பை விட்டதும் யாங்கோன் நகர ஓரத்தில், லைங் தாயாவில் ஒரு தையல் ஆலையில் சேர்ந்தேன். தைத்து வருகிற சட்டைகளை எண்ணிக் கட்டுவது வேலை. எட்டுச் சட்டைக்கு ஒரு கட்டு. ஒன்பது வருடம் எட்டெட்டாக எண்ணினேன். எண்ணிக்கை தப்பினால் சம்பளத்தில் பிடிப்பார்கள், ஆகவே கனவிலும் எண்ணினேன். பிறகு தாகேதாவில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு தனியார் கல்லூரியில் நீச்சல் குளம் கழுவுகிற வேலை கிடைத்தது. அங்கே எட்டுப் பெண்கள் தண்ணீருக்குள் இசைக்கு ஏற்ப ஆடிப் பழகுவார்கள். நீர் நடனம் முழுக்க எட்டுக் கணக்குத்தான். தலைகீழாய் நிற்பது எட்டு எண்ணும் வரை, கால் மடக்குவது அடுத்த எட்டு. துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நானும் மனசுக்குள் எண்ணுவேன். யாராவது அரை எண்ணிக்கை பிந்தினால் துடைப்பத்தைத் தரையில் தட்டிவிடுவேன்.

ஒரு நாள் பயிற்சியாளர் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வெளிநாடு போய்விட்டார். போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. தீரிதான் என்னைக் கைகாட்டினாள். "ஸயாமா வர்ற வரைக்கும் இந்த அக்கா எண்ணட்டும்." ஸயாமா என்றால் டீச்சர். புது ஸயாமா வரவே இல்லை. என்னையே ஸயாமா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் தமிழில்தான் எண்ணுவேன். ஒரு வார்த்தை தமிழ் தெரியாத அந்தப் பர்மியப் பெண்கள் ஒண்ணு முதல் எட்டு வரை அழகாகக் கற்றுக்கொண்டார்கள். எனக்கு நீச்சல் தெரியுமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. (தெரியாது. தண்ணீர் இடுப்பைத் தாண்டினால் ஏணியைப் பிடித்துக்கொள்வேன்.)

முதல்வர் கூப்பிட்டு ஒரே வார்த்தையில் முடித்தார். "முதல் மூணு இடத்துக்குள்ள வந்தா நீதான் பயிற்சியாளர். இல்லேன்னா குளத்தை மூடிட்டு கார் நிறுத்துற இடமா மாத்திடுவேன்." குளம் போனால் அதைக் கழுவுகிற வேலையும் போகும். எனக்குத் திரும்பவும் லைங் தாயா, திரும்பவும் சட்டை.

போட்டி நாள் காலையில் நிலாரிடமிருந்து செய்தி வந்தது. அவள் வீடு ஆற்றுக்கு அக்கரையில், டாலாவில். "ஸயாமா, காத்து பலமா அடிக்குது. படகு விடல. என்னால வர முடியாது." எட்டுப் பேர் ஆட வேண்டிய இடத்தில் ஏழு. ஒரு ஆள் குறைந்தால் அதற்கு மதிப்பெண் வெட்டுவார்கள். அதைவிடப் பெரிய விஷயத்தைச் சுந்தரம் அத்தான் கண்டுபிடித்தார்.

லாரியைக் கிளப்பப் போனவர் கையை ஸ்டீரிங்கிலிருந்து எடுத்துவிட்டார். "லோகு, பொண்ணுங்க எத்தனை பேரு?"

"ஏழு."

"நீ ஒண்ணு, நான் ஒண்ணு. ஒம்பது! ஒம்பது பேரா வண்டியில போனா என்ன ஆகும் தெரியுமில்ல?"

இந்த ஊரில் பிறந்த யாருக்குத் தெரியாது? ஒன்பது பேராகப் பயணம் போனால் எல்லோரும் திரும்பி வர மாட்டார்கள் என்பது இங்கே உள்ள நம்பிக்கை. அதற்குப் பரிகாரமும் உண்டு. ஒரு கல்லை எடுத்து, வாங்க, ஏறுங்க என்று மரியாதையாக அழைத்து, பத்தாவது ஆளாக உட்கார வைக்க வேண்டும். அத்தான் வெற்றிலைக் கடை ஓரத்தில் கிடந்த தேங்காய் அளவுக் கல் ஒன்றைத் தூக்கிவந்தார். பெண் பிள்ளைகள் வண்டி என்பதால் கல்லையும் பெண்ணாக்கிவிட்டோம். மா சௌக் என்று பெயர் வைத்தோம். பர்மியத்தில் சௌக் என்றால் கல்.

"ஏறிக்கம்மா மா சௌக்," என்றார் அத்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "இத பாரு லோகு. வீடு திரும்புற வரைக்கும் யாரு கேட்டாலும் பத்து பேருன்னுதான் சொல்லணும். ஒரு தடவ ஒம்பதுன்னு சொல்லிட்டே, அவ்வளவுதான். அது கோவிச்சுக்கிட்டு எறங்கிடும்."

"எறங்கி எங்க போகும்?"

"அதான் யாருக்கும் தெரியாது," என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார்.

பெண்கள் வழியிலேயே தலை வாரி, கொண்டை போட்டு, சுடுநீரில் கரைத்த ஜெலட்டினைத் தூரிகையால் பூசிக்கொண்டார்கள். தண்ணீரில் முடி கலையாமல் இருக்க அதுதான் வழி. காய்ந்தால் தலை கண்ணாடி மாதிரி ஆகிவிடும். கொண்டைக்கு மேல் ஆளுக்கொரு சிவப்பு ஜிகினாப் பூ. நிலாருடைய பூ மட்டும் மிச்சம். தீரி விளையாட்டாக அதை ஜெலட்டின் தடவிக் கல்லின் தலையில் ஒட்டிவிட்டாள்.

"நல்லாருக்கா ஸயாமா? எட்டாவது ஆளும் ரெடி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் பசுண்டாங் பாலத்தில் வண்டி குலுங்கியபோது கல் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்து உட்கார்ந்தது. அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குளத்து வாசலில் பெயர் பதிகிறவர் தலை நிமிராமல் கேட்டார். "மொத்தம் எத்தனை பேர் வந்திருக்கீங்க?"

அத்தான் பின்னாலிருந்து என் முதுகில் ஒரு குத்து விட்டார். "பத்து," என்றேன்.

"டிரைவர் ஒண்ணு, ஸயாமா ஒண்ணு, பொண்ணுங்க எட்டு. சரி." எங்கள் பட்டியலில் இருந்த எட்டுப் பெயருக்கும் டிக் போட்டார். நான் ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கவே இல்லை. ஆனால் வாயைத் திறந்து திருத்தினால் கல் இறங்கிப் போய்விடுமே. மார்போடு கல்லை அணைத்துக்கொண்டு உள்ளே போனேன். அதைத் தனியாக வண்டியில் விடவும் பயம், கையில் வைத்திருக்கவும் பயம்.

அது பழைய குளம். மேலே தகரக் கூரை, சுற்றிலும் பாசி படிந்த சுவர். மதியம் இரண்டு மணிதான், ஆனால் வெளியே மழை கட்டிக்கொண்டு நின்றதில் உள்ளே விளக்குப் போட்டிருந்தார்கள். தண்ணீர் கரும்பச்சை. ஆழமான பக்கத்தில் தரை தெரியவில்லை. எங்கள் முறை வந்தது. பெண்கள் மூக்குக் கிளிப்பை மாட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். தலைமை நடுவர் அம்மா கையைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது.

யாங்கோனில் மின்சாரம் போவது ஒரு செய்தியே இல்லை. ஆனால் தண்ணீருக்குள் இருக்கிற ஒலிபெருக்கியும் அதோடு போய்விட்டது. அது இல்லாவிட்டால் மூழ்கி இருக்கிற பெண்களுக்கு இசை கேட்காது. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை என்றார் காவல்காரர். தலைமை நடுவர் அம்மா கண்ணாடியைத் துடைத்தார். "இசை இல்லாம ஆடுறீங்களா, இல்ல விலகிக்கிறீங்களா?"

குடையோடு நின்ற கணக்கர் நோட்டைத் திறந்தார்.

இசை இல்லாத நேரத்தில் ஒரு வழி உண்டு. பயிற்சியில் நான் குளத்து இரும்பு ஏணியை எவர்சில்வர் கரண்டியால் தட்டுவேன். இரும்பில் தட்டினால் சத்தம் தண்ணீருக்குள் நன்றாகப் போகும். மேலே நிற்பவர்களைவிட மூழ்கி இருப்பவர்களுக்குத்தான் தெளிவாகக் கேட்கும். ஆனால் கரண்டி வண்டியில். கையில் இருந்ததோ மா சௌக்.

"மன்னிச்சுக்கம்மா," என்று அதனிடம் சொல்லிவிட்டு ஏணியில் தட்டினேன்.

டங். டங். டங்.

பெண்கள் இறங்கினார்கள். இருட்டில் ஏழு சிவப்புப் பூக்கள் வட்டமாக விரிந்தன. எட்டாவது இடத்தில் பல் விழுந்த மாதிரி ஓட்டை. கூரையில் மழை விழ ஆரம்பித்தது. நான் தட்டிக்கொண்டே எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு... தலைகள் மூழ்கின. தலைகள் எழுந்தன. ஏழு. மூழ்கின. எழுந்தன. ஏழு.

மூன்றாவது சுற்றில் என் கை வியர்த்தது. கல்லில் இருந்த ஜெலட்டின் ஈரம் பட்டு வழவழவென்று ஆகியிருந்தது. "அஞ்சு" என்று தட்டும்போது மா சௌக் என் கையை விட்டு வழுக்கி, சிவப்புப் பூவோடு, ஒரு சின்னச் சத்தம்கூட எழுப்பாமல், தண்ணீருக்குள் போனாள்.

போனது என்று எழுதியிருக்க வேண்டும். விடுங்கள்.

அடுத்தது தலைகீழ் நிலை. தண்ணீருக்கு மேலே கால்கள் மட்டும் தெரியும், முகம் தெரியாது. பழக்க தோஷத்தில் எண்ணினேன். இரண்டு, நாலு, ஆறு... பதினாலு. அப்புறம் ஓட்டை இருந்த இடத்தில் மெதுவாக இன்னும் இரண்டு கால்கள் எழும்பின. பதினாறு.

ஒன்பது வருடம் சட்டை எண்ணியவள் நான். எனக்கு எண்ணிக்கை தப்பாது. கால்கள் உள்ளே போயின. தலைகள் எழுந்தன. எட்டு. எட்டாவது தலையில் முடி கலைந்து முகத்தை மூடியிருந்தது. அதற்கு மேல், சற்றுக் கோணலாக, சற்று முன் கல்லோடு மூழ்கிய அதே ஜிகினாப் பூ.

நான் முழங்கால் போட்டு விழுந்துவிட்டேன். எங்கள் வீட்டுச் சாமிகள் ஒன்றின் பெயரும் வாயில் வரவில்லை. கல் பர்மாக் கல்லாயிற்றே, தமிழ் புரியுமோ என்னவோ என்று பர்மியத்திலேயே கத்தினேன்.

"மா சௌக்! தெரியாம தட்டிட்டேன்! அம்பதாயிரம் சாட் தர்றேன், போயிடும்மா!"

நடனத்தின் முடிவில் எட்டாவது ஆள் வட்டத்தைப் பிரித்துக்கொண்டு முன்னால், ஏணிப் பக்கம் வர வேண்டும். அப்படித்தான் நானே அமைத்திருந்தேன். அந்தத் தலை என்னை நோக்கி வந்தது.

"ஒரு லட்சம்!"

இன்னும் பக்கத்தில் வந்தது.

"ரெண்டு லட்சம்! சாமி சத்தியமா ரெண்டு லட்சம்!"

ஏணிக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றது. ஒரு வெள்ளைக் கை தண்ணீரிலிருந்து எழுந்து விரல்களை விரித்தது. அதுவும் நான் சொல்லிக்கொடுத்த முத்திரைதான். அப்போது அது எங்கே ஞாபகம் வந்தது?

"மூணரை லட்சம்! அதுக்கு மேல என்கிட்ட சத்தியமா இல்ல!" (அது என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். உயிர் போகிற நேரத்தில் கணக்குப் பார்க்க முடியுமா?)

அந்தத் தலை முகத்திலிருந்த முடியை விலக்கியது. "ஸயாமா, நான் நிலார்," என்றது.

அந்த நிமிஷம் மின்சாரம் வந்தது. வெளிச்சத்தில் முப்பத்தொரு பேரும், மூன்று நடுவர்களும், கணக்கரும் பார்த்த காட்சி இது: எட்டுப் பெண்கள் பிசகாத வட்டத்தில் கையைத் தூக்கிப் புன்னகைத்துக்கொண்டிருக்க, அவர்களுடைய ஸயாமா ஏணிக்கு முன்னால் குப்புற விழுந்து கும்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

காற்று அடங்கியதும் படகு விட்டிருக்கிறார்கள். நிலார் லுங்கிக்குள் நீச்சல் உடையோடு ஏறி, இக்கரையில் டாக்ஸி பிடித்து, பின்வாசல் வழியாக ஓடிவந்திருக்கிறாள். நாங்கள் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் ஆழமான பக்கத்தில் சத்தமில்லாமல் இறங்கியிருக்கிறாள். அடியில் நீந்தி வரும்போது அவளுடைய பூ தண்ணீரில் மிதந்து வந்ததாம். எடுத்துச் செருகிக்கொண்டாளாம். அவ்வளவுதான் விஷயம். எவ்வளவு சுலபமாக விளங்கிவிட்டது பாருங்கள்.

ஆனால் தலைமை நடுவர் அம்மா என்னை விடுவதாக இல்லை. "பணம் பணம்னு கத்துனீங்களே, யாருக்கு? எங்களுக்கா?" என்றார். கணக்கர் எழுதுவதை நிறுத்தவில்லை. என் வாழ்க்கை லைங் தாயாவுக்கு பஸ் ஏறிக்கொண்டிருந்தது.

அத்தான் முன்னால் வந்து கை கட்டி நின்றார். "ஐயோ, உங்களுக்கு இல்லீங்க. கல்லுக்கு."

"எந்தக் கல்லுக்கு?"

"எங்க கூட வந்த கல்லுக்கு. வண்டியில ஒம்பது பேருங்க."

நடுவர் அம்மாவின் முகம் சட்டென்று மாறியது. பேனாவைக் கீழே வைத்தார். "ஏத்தும்போது மரியாதையா கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டோமுங்க."

"இப்ப அது எங்க?"

அத்தான் தண்ணீரைக் காட்டினார். மூன்று நடுவர்களும் நாற்காலிகளைக் குளத்து ஓரத்திலிருந்து பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். அதற்கப்புறம் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எங்களுக்கு மூன்றாவது இடம் கிடைத்தது. குளம் தப்பியது. கணக்கர் முதல்வரிடம் என்ன எழுதிக் கொடுத்தாரோ தெரியாது. வேலை நிரந்தரமானது.

இதோடு முடிந்திருந்தால் வெறும் சிரிப்புக் கதை.

உடை மாற்றும் அறையில் தீரி என்னைக் கட்டிக்கொண்டாள். "ஸயாமா, சத்தம் அவ்வளவு தெளிவா கேட்டுச்சு. கடைசி எட்டு வரைக்கும் ஒரு தட்டுகூட விடல நீங்க."

"கடைசி எட்டா? மூணாவது சுத்துலயே கல்லு கைய விட்டுப் போயிடுச்சே."

"விளையாடாதீங்க ஸயாமா. நீங்க கத்துனதுகூட எங்களுக்குச் சரியா கேக்கல. தட்டுனது கேட்டுச்சு."

மற்றப் பெண்களைப் பார்த்தேன். தலையாட்டினார்கள். நிலாரைப் பார்த்தேன். அவள் பூவைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "நான் எறங்கும்போது நீங்க ஏணிகிட்ட சும்மா நின்னுட்டிருந்தீங்க. கையில ஒண்ணும் இல்ல. ஆனா தண்ணிக்குள்ள டங் டங்னு கேட்டுச்சு. அத வச்சுத்தானே நான் சரியா சேர்ந்துக்கிட்டேன்?"



காவல்காரரைப் போய்க் கேட்டேன். "பழைய குழாய்ம்மா. சில சமயம் தட்டும்," என்றார்.

"எட்டெட்டாவா தட்டும்?"

அவர் விளக்கை ஒவ்வொன்றாக அணைக்க ஆரம்பித்தார்.

கல்லைத் தேடினோம். தீரி மூன்று முறை மூழ்கி ஏணிக்குக் கீழே தரை முழுக்கத் தடவிவிட்டு வந்தாள். கிடைக்கவில்லை. திரும்பும்போது நிலாரையும் சேர்த்துப் பத்துப் பேர், ஆகவே கல் வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் அத்தான் வழியெல்லாம் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினார். மறுநாள் காலையில் வெற்றிலைக் கடை ஓரத்தைப் போய்ப் பார்த்தேன். தேங்காய் அளவில் ஒரு கல் கிடந்தது, ஈரமாக. மழைக்காலம். யாங்கோனில் எந்தக் கல்தான் ஈரமாக இல்லை?

அன்றையிலிருந்து நான் ஏணியைத் தட்டுவதில்லை. கரண்டியைக் கொண்டுபோய் அக்கா வீட்டுச் சமையலறையில் போட்டுவிட்டேன். பெண்களை மனசுக்குள்ளேயே எண்ணச் சொல்லிப் பழக்கினேன். இசை நின்றாலும், விளக்கு அணைந்தாலும் என் பெண்கள் அரை எண்ணிக்கைகூடப் பிசக மாட்டார்கள். இதைத்தான் பேட்டி எடுக்கிற பிள்ளைகள் "மௌனப் பயிற்சி முறை" என்று பெரிதாக எழுதுகிறார்கள். பதக்கங்களுக்கும் அதுதான் காரணம் என்கிறார்கள். எனக்கு உள்ள பயமெல்லாம் ஒன்றுதான். நான் மேலேயிருந்து தட்டி, கீழேயிருந்து யாராவது பதிலுக்குத் தட்டிவிட்டால்?

எங்கள் வீட்டில் இன்னும் இந்தக் கதை ஓடுகிறது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அத்தான் ஒரு தட்டு கூடுதலாக வைத்துவிட்டு, "லோகு, உன் மாணவி வரலையா?" என்பார். ஒவ்வொரு முறை பதக்கம் வாங்கும்போதும் நிலார் கையை நீட்டுவாள். "ஸயாமா, என்னைப் பார்த்துத்தானே ஏலம் கேட்டீங்க? என் பணம் எங்க?" அவளுக்கு இப்போது கல்யாணமாகி ஒரு பெண் குழந்தையும் இருக்கிறது.

கொடுத்துத் தொலைக்கலாம் என்று ஒரு முறை பணத்தை உறையில் போட்டு எடுத்துக்கொண்டே போனேன். கையில் வைக்கும் முன் ஒன்று கேட்டேன். "உண்மையைச் சொல்லு நிலார். தண்ணிக்குள்ள தட்டினது நீதானே?"

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு உறையை என் பக்கம் தள்ளிவிட்டாள். "இல்ல ஸயாமா. அப்ப இது என்னோடது இல்ல."

உறை என் அலமாரியில்தான் இருக்கிறது. தட்டியவர் இன்னும் வந்து கேட்கவில்லை. பாக்கி, மூன்று லட்சத்து ஐம்பதாயிரம் சாட்.